அளவு போடாத பாவாடை

ஆடி 2, வெள்ளி

கோமதியம்மா துணை.

இந்த டைரி மருமக கல்யாணி குடுத்தது. நீங்க என்கிட்ட பேசுறதுல பாதியை இதுல எழுதுனா என் காது பொழைக்கும் அத்தைன்னு சொல்லிக் குடுத்தா. நான் எட்டாப்பு வரைதான். எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். ஆனாலும் வாங்கி வச்சுக்கிட்டேன். அச்சடிச்சிருந்த இங்கிலீஷ் தேதியை அடிச்சுட்டுத் தமிழ்த் தேதி போட்டிருக்கேன். சாமிக்கு என்ன நாளுன்னு தெரியணும்லா.

மொத ஆடி வெள்ளி. சங்கரன்கோவில்ல கால் வைக்க எடமில்லை. புத்து மண்ணு எடுத்து நெத்தியில இட்டுக்கிட்டு வந்து மிஷின்ல உக்காந்தேன். எங்களுக்குச் சாமி வஸ்திரம் தைக்கிற தொழில். வீட்டுப் பூஜையில வைக்கிற சின்னச் சிலைக்குத்தான். அம்மனுக்குப் பாவாடை, பெருமாளுக்கு வேட்டி, பிள்ளையாருக்குத் துண்டு. புதுசா வேலைக்கு வந்த பிரமு இன்னைக்கு ஒரு பாவாடைக்கு அடியில மடிப்பு விட்டுத் தச்சு வச்சிருந்தா, பிள்ளைகளுக்குத் தைக்கிற மாதிரி. அதோட பின்பக்கத்தையும் மூடிட்டா. ஏளா, சாமி காலைத் தூக்கிப் பாவாடைக்குள்ள விடுமா, பின்னால தெறந்து நாடாதான் வைக்கணும், மடிப்பு எதுக்கு, அம்மன் வளரவா போறான்னு கேட்டேன். கல்யாணி சிரிச்சு உருண்டா. பிரமு பாவம், உக்காந்து பிரிச்சா.

கடைன்னு எங்களுக்கு ஒண்ணும் கெடையாது. எல்லாம் வெப்சைட்டுலதான். பெங்களூரு, பம்பாயில இருந்தெல்லாம் ஆர்டர் வரும். இன்னைக்குக் கல்யாணி புதுப் பேச்சு ஒண்ணு ஆரம்பிச்சா. இப்ப நம்ம வெப்சைட்டு ஒரு கம்பெனிக்காரன் கட்டி வச்ச எடத்துல இருக்காம். வருஷ வாடகை. அதுபோக விக்கிற ஒவ்வொரு பாவாடைக்கும் அவனுக்கு ஒரு பங்கு. பூட்டு, காவல், ரிப்பேரு எல்லாம் அவன் பாத்துக்கிடுவான், ஆனா நம்ம இஷ்டத்துக்கு ஒரு சன்னல் வைக்க முடியாது. அதை விட்டுட்டுத் தனியா எடம் பிடிச்சு நாமளே போட்டா எல்லாம் நம்ம இஷ்டம். ஆனா காவலும் நாமதான்.

எனக்குப் புரிஞ்சுட்டு. அவன்கிட்ட இருக்கிறது ஊர்க் கோவில் மாதிரி, நாம போனாலும் போகாட்டாலும் வேளாவேளைக்குப் பூஜை நடக்கும். நீ சொல்லுறது நம்ம சாஸ்தா கோவில் மாதிரி, காட்டுக்குள்ள கெடக்கு, நம்மதுதான், ஆனா நாம போயி ஏத்தலன்னா வெளக்கு இல்லைன்னு சொன்னேன். இதைவிட ஒருத்தரும் தெளிவாச் சொல்ல முடியாதுன்னுட்டா.

எங்க வீட்டுக்காரக பஸ்ஸு கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவுக. அவுக ஒரே வார்த்தைதான். சொந்தம்னா சொந்தம், மாத்துங்கன்னுட்டாக.

ஆடியில புதுசா எதையும் தொடங்கப்படாதுன்னு நான் சொல்லிட்டேன். அதுக்கு ஒருத்தரும் எதுத்துப் பேச முடியாது.

இந்த வெப்சைட்டைப் போட்டது என் மக ஆவுடை. காலேஜ் படிக்கையில விளையாட்டா ஆரம்பிச்சா. போட்டோ எடுத்தது, சிலைக்கு எப்படி அளவெடுக்கணும்னு படம் வரைஞ்சு போட்டது எல்லாம் அவதான். அவ போயி நாலு வருஷம் ஆச்சு. கட்டிக்கிட்டவன் வேற ஆளுக. எங்க வீட்டுக்காரக அன்னைக்குக் கதவைச் சாத்துனவுக, இந்த வீட்ல அவ பேரை எடுக்கக் கூடாதுன்னுட்டாக. ஆனா தினமும் சாயங்காலம் கோவில்ல நின்னு ஆவுடையம்மா ஆவுடையம்மான்னு கன்னத்துல போட்டுக்கிடுதாக. அம்பாளுக்கும் அந்தப் பேருதான. நான் எடுத்தா மட்டும் குத்தம்.

சரி, அதை எதுக்கு எழுதிக்கிட்டு. ராத்திரிக்கு மாவு இருக்கு.

ஆடி 5, திங்கள்

பிரமு வரலை. வந்த நாள்ல இருந்து அவ தச்சதைவிடப் பிரிச்சதுதான் ஜாஸ்தி.

ஆடி 12, ஆடிப்பூரம்

அம்பாளுக்கு வளைகாப்பு. வளையல் வாங்கிச் சாத்திட்டு, பிரசாதமா ரெண்டு வளையல் குடுத்தாக, போட்டுக்கிட்டு வந்தேன்.

காலையில கல்யாணி போனை எடுத்துக்கிட்டு வந்து, அத்தை, நீங்களா இதை மாத்துனீகன்னு கேட்டா. வெப்சைட்டுல மொதப் பக்கத்துல நேத்து வரைக்கும் ஒரு பட்டுத் துணி படம்தான் இருந்துச்சு. இன்னைக்கு அம்மன் சிலை, சுத்திப் பச்சைக் கண்ணாடி வளையலா அடுக்கி வச்ச படம் இருக்கு. எனக்குப் போட்டோ போடத் தெரியும், விலை மாத்தத் தெரியும், மொதப் பக்கமெல்லாம் நான் தொடுறதில்லை. நீ பண்ணலையான்னு கேட்டேன். இல்லைங்கா.

போன வருஷம் ஆடிப்பூரத்துக்கும் இப்படித்தான் வளையல் வந்துச்சு. தைப்பூசத்துக்குக் காவடி வந்துச்சு. நான் கோணலாப் போட்ட படம் மறுநா நேரா நிக்கும். நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்லை. அம்பாள் பண்ணுதான்னு கல்யாணிகிட்ட சொல்லிட்டேன். அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிட்டா.

படத்துல ஓரமா ஒரு கை தெரியுது, வளையலை நகட்டி வைக்கிற மாதிரி. நான் அதைப் பெரிசாக்கியெல்லாம் பாக்கலை.

ரெண்டு தடவை பாத்தேன். கட்டை விரலுக்குப் பக்கத்துல மிஷின் ஊசி ஏறுன தழும்பு. அம்பாளுக்கும் ஊசி ஏறும்போல.

ஆடி 22, தபசு

ஊரே வெளிய. அம்பாள் சாமியைப் பாக்கணும்னு ஒத்தைக் கால்ல தபசு நின்னா. விளைஞ்சதைக் கொண்டாந்து எல்லாரும் எறியுதாக, பருத்தி, மொளகா, பூவு. என் தலையிலயும் ரெண்டு மொளகா விழுந்துச்சு. சாயங்காலம் சாமி வந்து காட்சி குடுத்தாரு. கூட்டத்துல பக்கத்துல நின்ன பொம்பளை தேம்பித் தேம்பி அழுதா. எனக்கு அழுகை வரல. அம்பாளுக்கு நின்னா கெடைச்சுட்டு. நிக்கிற எல்லாருக்குமா கெடைக்கு.

வீட்டுக்கு வந்து, புதுசாத் தச்ச அரக்குப் பாவாடையைப் படம் பிடிச்சுப் போட்டேன். கை தவறிப் பிள்ளையாருக்குக் கட்டிப் படம் பிடிச்சுட்டேன். அசதி.

ஆடி 24, சனி

பெங்களூருல இருந்து ஒரு மாமி போன் பண்ணினாக. உங்க வெப்சைட்டுல பிள்ளையார் பாவாடை கட்டி நிக்காரே, இது எந்த ஊரு வழக்கம்னு கேட்டாக. எங்க ஊருல சின்னப் பிள்ளையாருக்குப் பொண் குழந்தை வேஷம் போட்டுப் பாப்போம்னு ஒரு புளுகு புளுகிட்டேன். பகவான் மன்னிக்கணும். மாமி ரொம்ப நல்லாருக்குன்னு ரெண்டு கேட்டுட்டாக.

ரெண்டு நாளும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க போனைப் பாத்தேன். கண்ணு எரியுது.

ஆடி 26, திங்கள்

காலையில பாத்தா பிள்ளையார் போயிட்டாரு. அரக்குப் பாவாடை அம்மன் மேல இருக்கு. அம்மன் பழைய படத்துல இருந்து எடுத்து ஒட்டுனது, பாவாடைக் கொசுவம்கூட மாறல. அதுக்குக் கீழ ஒரு வரி புதுசா இருந்துச்சு. "பிள்ளையாருக்கு வேட்டி தனியாகக் கிடைக்கும்."

மிஷின்ல உக்காந்து தனியாச் சிரிச்சேன். எங்க வீட்டுக்காரக எட்டிப் பாத்து, என்னன்னு கேட்டாக. ஒண்ணுமில்ல, பிள்ளையார்னு சொன்னேன்.

மத்தியானம் பாயாசம் வச்சேன். எதுக்குன்னு கல்யாணி கேட்டா. திங்கக்கெழமைன்னு சொன்னேன்.

ஆடி 30, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. இந்த வாரம் பச்சையை நீலம்னு போட்டேன், அஞ்சு இஞ்சு பாவாடைக்குப் பெருமாள் வேட்டி படத்தைப் போட்டேன், ஒரு கிரீடத்தைத் தலைகீழா வச்சேன். எல்லாம் சரியாயிட்டு. கிரீடத்துக்கு மட்டும் ரெண்டு நாள் ஆச்சு. அம்பாளுக்கு மேலுக்கு முடியலையோன்னு நெனச்சேன். காய்ச்சலா இருக்குமோ. அங்கன மழையா இருக்கும். இருக்கிற ஊரு ஓசூர்னு ஒருத்தர் சொன்னாக, பூனான்னு ஒருத்தர் சொன்னாக. எந்த ஊரு மழைன்னு பாக்கிறது.

அத்தை, உங்களுக்குக் கண்ணு ஒருக்க டெஸ்ட் பண்ணிரலாமான்னு கல்யாணி கேட்டா.

ஆவணி 3, செவ்வாய்

ஆடி முடிஞ்சுட்டு. இனி என்ன சாக்கு சொல்ல.

கல்யாணி மத்தியானம் என்னையும் உக்கார வச்சு விளக்குனா. வாடகைக்கு இருக்கிற எடத்துல நாம அனுப்புற பார்சலுக்கு அவன் சொன்ன கூரியர்தான், பணம் வாங்குறதுக்கு அவன் சொன்ன வழிதான். வாங்குனவுக பேரு விலாசம்கூட முழுசா எடுத்துக்கிட்டு வெளிய வர முடியாது. சொந்தமாப் போட்டா எல்லாம் நம்ம கையில. ஆனா வாராவாரம் அப்டேட் பாக்கணும், எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கணும், திருடன் வந்தா நாமதான் வெரட்டணும். அதெல்லாம் நான் பாத்துக்கிடுவேன்ங்கா. ராஜபாளையத்துல எம்.சி.ஏ படிச்சுட்டு நாடா கட்டிக்கிட்டு இருக்கா, பாவம், அவளுக்கும் கை ஊறும்லா.

நான் ஒண்ணுதான் கேட்டேன். ஏட்டி, பழைய எடத்துக்கு யாரெல்லாம் உள்ள வந்து போயிட்டு இருந்தாகளோ, அவுக புது எடத்துக்கும் வர முடியுமா?

சாவி வேற அத்தை, நாம குடுத்தாத்தான் உண்டுன்னா. பெறகு மெதுவா, நம்ம ரெண்டு பேருகிட்டயும் இருக்கிறது வேலைக்காரச் சாவிதான், ஓனர் சாவி ஆவுடை மெயில்ல இருக்கு, இதே பேரைப் புது எடத்துக்குக் கொண்டு போகணும்னா அவளுக்கு ஒரு நம்பர் போகும், அதை அவதான் சொல்லணும்னா.

மெதுவாத்தான் சொன்னா. ஆனா உள் ரூம்புல எங்க வீட்டுக்காரக இருந்தாக.

ஆவணி 4, புதன்

எழுத ஒண்ணுமில்ல.

ஆவணி 6, வெள்ளி

செவ்வாய்க்கெழமை நடந்ததை இன்னைக்காவது எழுதணும். அவுக சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா பரவால்ல. ரூம்புல இருந்து வந்து கல்யாணியைப் பாத்துக் கேட்டாக.

"அப்ப நாம இத்தனை வருஷமா அவ வீட்லதான் கடை வச்சிருக்கோமா?"

கல்யாணி கம்ப்யூட்டரை மூடி வச்சா.

"அவகிட்டப் போயி நம்பர் கேக்க வேண்டாம். அந்தப் பேரும் வேண்டாம். வேற பேர்ல வேற எடம் போடு. பழசுக்கு வாடகை எப்ப முடியுது?"

சரஸ்வதி பூஜையோட முடியுதாம். கட்டாம விட்டா தானா மூடிருமாம். அப்ப விஜயதசமிக்குப் புதுசு தெறந்துருங்கன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக் கோவிலுக்குப் போயிட்டாக. ஆவுடையம்மாவைக் கும்பிட.

அம்மா தாயே, உன்னைக் குத்தம் சொல்லல.

ஆவணி 11, பிள்ளையார் சதுர்த்தி

பிள்ளையார் வேட்டி அனுப்பி அனுப்பி இடுப்பு விட்டுப் போச்சு. கொழுக்கட்டைக்குப் பூரணம் கிண்டையில கல்யாணி சத்தம் கேட்டுச்சு. சோதனைக்குன்னு கட்டிக்கிட்டு இருந்த புது வெப்சைட்டு, என்னமோ அப்டேட் போட்டாளாம், அப்படியே வெள்ளைத் தாளா நிக்கு. கல்யாணி முகமும் அதே மாதிரி. சாயங்காலம் வரை கிண்டிக்கிட்டு இருந்தா. ராத்திரிக்குள்ள நகல்ல இருந்து மீட்டுட்டா, கெட்டிக்காரி.

நடுவுல நான் போயி பிள்ளையாருக்கு ஒரு தேங்கா உடைச்சேன். அது சரியாகணும்னா, சரியாகக் கூடாதுன்னான்னு பிள்ளையார் கேக்கல. நானும் சொல்லல.

ஆவணி 19, வியாழன்

பழைய எடத்துல இருந்து ஒவ்வொரு படமா எடுத்துப் புதுசுல போடுறோம். நான் விலை சொல்ல, அவ அடிக்க. ஆவுடை எடுத்த பழைய படங்கள் வந்துச்சு. எல்லாத்துலயும் சாமிக்குப் பின்னால எங்க பூஜை அலமாரி தெரியுது. அதுல ஒரு நாலு விரல் உசர அம்மன் நிப்பா, வெங்கலம். அது இப்ப இங்க இல்லை. போகையில உடுத்துன சேலையோட அந்த ஒண்ணைத்தான் எடுத்துக்கிட்டுப் போனா. நகையெல்லாம் கட்டில் மேல அப்படியே கெடந்துச்சு. ஒருத்தர் அதைக் களவுன்னுகூடச் சொன்னாக. சாமியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனா அது களவா.

கல்யாணி திடீர்னு மிஷினை நிப்பாட்டச் சொன்னா.

"அத்தை, யாரு எப்ப உள்ள வந்து எதை மாத்துனாகன்னு பழைய எடத்துல ஒரு பக்கம் இருக்கு. எந்த ஊருல இருந்துன்னுகூட ஓரளவு தெரியும். காட்டவா?"

ஊசியில நூலு கோத்துக்கிட்டு இருந்தேன், கோக்கவே முடியல.

"வேண்டாம்ட்டி."

"பிள்ளையார் படத்தை யாரு மாத்துனான்னு..."

"அம்பாள்தான். காட்டாத. பாத்துட்டா வர மாட்டா."

கல்யாணி என் கையில இருந்து ஊசியை வாங்கி நூலைக் கோத்துக் குடுத்தா. எனக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும் அத்தைன்னா. எது தெரியும்னு நான் கேக்கல.

ஆவணி 27, வெள்ளி

ரசத்துக்கு உப்பு போட மறந்துட்டேன். அவுக ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டாக. கோவத்துல இருந்தா சொல்லியிருப்பாக.

புரட்டாசி 1, புதன்

பெருமாள் மாசம். வாசல்ல கோலம் போட்டுட்டு, கல்யாணிகிட்ட ஒரு விசயம் கத்துக்கிட்டேன். ஒரு பாவாடையைப் படம், விலை எல்லாம் போட்டு உள்ளேயே வச்சுக்கிடலாம். வாங்க வாரவுக கண்ணுக்குத் தெரியாது. சாவி இருக்கிறவுகளுக்கு மட்டும்தான் தெரியும். நவராத்திரிக்குச் சரக்கு சேத்து வைக்கத் தோதா இருக்கும்னு சொல்லிக் கேட்டேன். அவளும் அதை நம்புன மாதிரியே சொல்லிக் குடுத்தா.

பச்சைப் பட்டுல மீதி ஒரு துண்டு கெடந்துச்சு. அதைப் படம் பிடிச்சு பழைய எடத்துல அப்படி உள்ள வச்சேன்.

"ஆவுடைக்குப் பச்சைப் பாவாடை. விற்பனைக்கு இல்லை. விஜயதசமியோட இந்த எடம் மூடுது. அளவு தெரியல. அளவு சொன்னா தச்சு அனுப்பலாம்."

நாலு விரல் சிலைக்கு எனக்கா அளவு தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன். ஆனாலும் அளவு எழுதுற கட்டத்தைச் சும்மா விட்டு வச்சேன்.

புரட்டாசி 5, அமாவாசை

மாளய அமாவாசை. அவுக குளத்துல தர்ப்பணம் பண்ணிட்டு வந்தாக. பதினோரு மணிக்கு மேலதான் காக்கா வந்துச்சு.

அளவு வரல.

புரட்டாசி 6, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. பிரமு இப்ப நல்லாத் தைக்கா, பின்பக்கம் தெறந்து நாடா வச்சு. அளவு வரல.

புரட்டாசி 9, வியாழன்

வேணும்னே ஒரு படத்தைக் கோணலாப் போட்டேன். இன்னும் கோணலாவே நிக்கு.

புரட்டாசி 10, வெள்ளி

கோணலாவே நிக்கு.

புரட்டாசி 12, ஞாயிறு

இன்னைக்கு ஒண்ணு பாத்தேன். அவுக சாப்பிட்டுட்டுச் சாய்ஞ்சு கெடக்கையில போன் நெஞ்சு மேல தெறந்தபடி கெடந்துச்சு. கண்ணாடி எடுத்து வைக்கலாம்னு போனேன். போன்ல பச்சை வளையல் படம். ஆடிப்பூரத்துக்கு வந்தது. அந்தக் கை தெரியுற மூலையைப் பெரிசாக்கி வச்சிருக்காக.

முழிச்சுட்டு, நியூஸ் பாக்கிற மாதிரி தள்ளிட்டாக. காப்பி இருக்கான்னு கேட்டாக. இருக்குன்னு சொல்லி அடுப்படிக்குப் போயி, அங்கனயே கொஞ்ச நேரம் நின்னேன். இத்தனை நாள் நான் ஒருத்தி மட்டும்தான் ஒத்தைக் கால்ல நிக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

காப்பி பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திருச்சு.

புரட்டாசி 14, செவ்வாய்

கல்யாணி கேட்டா, புது எடத்துக்கு எத்தனை சாவி போடணும்னு. உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு சொல்லி நிறுத்துனேன். மூணாவது சாவிக்கு மெயில் போகும், கெடைச்சவுக அதைத் தொட்டாத்தான் கதவு தெறக்கும், தொடாட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்னா. மாமா கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன் அத்தைன்னா.

போடுன்னேன். நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. பழைய எடம் மூடிருச்சுன்னா நான் வச்ச பச்சைப் பாவாடையும் அதோட போயிரும். அதைப் பாத்தாளோ பாக்கலையோ. பாத்தும் வேண்டாம்னு விட்டாளோ. அப்படி விட்டாலும் அவ மேல என்ன குத்தம். கதவைச் சாத்துனது நாங்கதான, நானும் உள்ள நின்னேன்லா.

புரட்டாசி 15, சரஸ்வதி பூஜை

மிஷினுக்கு எண்ணெய் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, கத்திரி, டேப்பு, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சரஸ்வதி முன்னால வச்சாச்சு. இன்னைக்கு ஒண்ணையும் தொடக் கூடாது. கம்ப்யூட்டர் மேல பொட்டு இருக்கு, அதையும் தொட முடியாது. போனும் பூஜையில வைங்கன்னு கல்யாணி சொன்னா, நான் வைக்கல. சரஸ்வதி கோவிச்சுக்கிட மாட்டா, அவளுக்கும் செய்தி முக்கியம்தான.

சுண்டல் தாளிக்கிறதுக்கு முந்தி ஒருக்க பாத்தேன். தாளிச்சுட்டு ஒருக்க பாத்தேன். பழைய எடத்துல உள்ள போயி, பச்சைப் பாவாடையைத் தெறந்தேன்.

கட்டத்துல எழுதியிருந்துச்சு.

உயரம் போட்டிருந்துச்சு, இடுப்பு போட்டிருந்துச்சு. எந்த வீட்டுப் பூஜையிலயும் அந்த உயரத்துக்குச் சாமி நிக்காது. பம்பாய்ல ஒரு மடத்துக்குத் தச்சதுதான் நாங்க தச்சதுலயே பெரிசு, அதுகூட இதுக்கு முட்டளவுதான் வரும். சிலை அளவை மறந்துட்டாளோன்னு மொதல்ல நெனச்சேன். அதுக்குக் கீழ ரெண்டு வரி இருந்துச்சு.

"பின்னால மூடித் தைக்கணும். நாடா வேண்டாம், எலாஸ்டிக்.
அடியில மடிப்பு விட்டுத் தைக்கணும் அம்மா."

சுண்டல் கரண்டி கையிலதான் இருந்துச்சு. நான் எத்தனை தடவை வாசிச்சேன்னு தெரியாது. மடிப்பு. சாமிக்கு எதுக்கு மடிப்பு. சாமி வளருமா.

கல்யாணி வந்து பாத்தா. போனை வாங்கி வாசிச்சா. பெறகு என் தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டு நின்னா. கடலைச் சுண்டல் அடிபிடிச்சு வாசம் வந்துச்சு. எத்தனை வயசிருக்கும்னு அவதான் மெதுவாக் கேட்டா. இடுப்பை வச்சுப் பாத்தா ரெண்டு நடக்கும், ரெண்டரை இருக்காதுன்னேன். அளவைப் பாத்து ஆளைச் சொல்லுறது எனக்குப் பழக்கம்தான. நடக்கும். ஓடும். பாவாடையை மிதிச்சு விழும்.

பேரு தெரியல. யாரு மாதிரி இருக்குன்னு தெரியல. பாவாடைன்னா பொண்ணுதான், அது மட்டும் தெரியுது.

புரட்டாசி 16, விஜயதசமி

காலையில நல்ல நேரத்துல கல்யாணி புது எடத்தைத் தெறந்தா. அவுக கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டித் தேங்கா உடைச்சாக, தண்ணி கீபோர்டுல தெறிச்சு அவ பதறுனா. பழைய எடம் பத்து மணி வரைக்கும் தெரிஞ்சுது, அதுக்குப் பெறகு மூடியிருக்குன்னு ஒரு அறிவிப்பு வந்துச்சு. வளையல் படம், அம்மன் அளவெடுக்கிற படம் எல்லாம் அதுக்குள்ள போயிட்டு. அளவை நேத்தே என் கையில எழுதிக்கிட்டேன், அழியக் கூடாதுன்னு காலையில குளிக்கையில கையை வெளிய நீட்டிக்கிட்டுக் குளிச்சேன்.

மூணாவது சாவியை இன்னும் ஒருத்தரும் தொடலைன்னு கல்யாணி சொன்னா. தொடுவா. எங்க வீட்டுக் காட்டுக் கோவில்தான், வெளக்கை நான் ஏத்தி வைக்கேன், வாரப்ப வரட்டும்.

வித்யாரம்பம், அதனால முதல் தையலா அதையே எடுத்தேன். மீதித் துண்டு பத்தாது. முழுப் பச்சைப் பட்டைப் பிரிச்சு, கட்டில்ல விரிச்சு வெட்டுனேன். பிரமு எட்டிப் பாத்து, பெரியம்மா, இது எந்தக் கோவில் சாமிக்குன்னு கேட்டா. வேலையைப் பாருன்னேன்.

அவுக கோவிலுக்குப் போயிட்டு வந்து கட்டில் பக்கம் நின்னாக. துணியைப் பாத்தாக. என் கையில எழுதியிருந்ததைப் பாத்தாக. நான் தலையைத் தூக்கல.

"எந்தச் சாமிக்கு இவ்வளவு பெரிசு?"

"ஆவுடைக்கு."

இந்த வீட்ல நாலு வருஷத்துல மொதத் தடவை அந்தப் பேரைச் சத்தமாச் சொன்னேன். மிஷின் சத்தம்கூட நின்னுட்டு, பிரமு காலை எடுத்துட்டா போல. அவுக கட்டில்கிட்ட குனிஞ்சாக. நான் அடியில பிடிச்சு வச்சிருந்த மடிப்பை விரலால தடவிப் பாத்தாக. பஸ்ஸுல டிக்கெட்டு கிழிச்ச விரல், துணியெல்லாம் தொட்டே பழக்கமில்லாத விரலு.

"ஒரு மடிப்புதான் விட்டிருக்கியா?"

"ஆமா."

"இன்னும் ரெண்டு விடு. துணி கெடக்குல்லா."

சொல்லிட்டு வாசல் பக்கம் போயிட்டாக. நான் பிரிச்சுட்டு மறுபடி மடிச்சேன்.